அம்மாவின் கையெழுத்தில் ஒரு தமிழ் எழுத்துரு: இதுவரை

கொடைக்கானலில் அக்கா வீட்டிலேயே மலைப்பூண்டு ஊறுகாய் போட்டு விற்கிறாள். பாட்டில் லேபிளுக்காக அம்மாவின் கையெழுத்தை எழுத்துருவாக்க ஆரம்பித்தேன். இப்போது லேபிள் அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அம்மா எல்லாவற்றையும் ஒரே ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதித் தந்தார். பேனா மாறினால் தடிமன் மாறி, சொல்லுக்குள் ஓர் எழுத்து மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் எடுத்து (படத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி), எழுத்துரு செய்யும் ஃபான்ட்ஃபோர்ஜில் ஏற்றினேன். இரண்டும் இலவச மென்பொருள்கள்.

247 எழுத்தையும் வரையத் தேவையில்லை. கா, கெ, கே எல்லாம் குறியைப் பக்கத்தில் வைத்தாலே அமைந்துவிடும். வேலை வாங்குவது உகர, ஊகார வரிசைதான். கு-வில் வளைந்து சுற்றுகிறது, பு-வில் நேராக இறங்குகிறது, து-வில் கீழே போய் மேலே ஏறுகிறது. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள்; அப்புறம் டி, டீ. ஒவ்வொன்றுக்கும் ‘இந்த மெய்யும் இந்தக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இதைக் காட்டு’ என்று விதி எழுத வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லை. லை, ணா போன்ற சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே பள்ளி முடித்தவர் அம்மா; இன்றும் யானைத் துதிக்கை போட்டுத்தான் லை எழுதுவார். ‘மலைப்பூண்டு’ என்ற சொல்லுக்கு அந்தத் துதிக்கைதான் அழகு. சின்னப் பிள்ளைகளுக்கு அது புரியாது என்பதால் புது வடிவத்தை இயல்பாக வைத்து, பழையதை விருப்பத் தேர்வாகச் சேர்த்திருக்கிறேன். ணை, ளை, னை பழைய வடிவங்களும் முடிந்தன. ணா, றா, னா பாக்கி.

தமிழில் ப்ப, ட்ட, க்க என்று ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் கையெழுத்து என்ற உணர்வே போய்விடும். அதனால் ப, ட, க மூன்றுக்கும் லேசாகச் சாய்வு மாறிய இரண்டாவது வடிவம் கொடுத்தேன். ‘மலைப்பூண்டு’ உயிர்பெற்றது அப்போதுதான்.

இந்த எழுத்துரு பெயருக்கும் தலைப்புக்கும் மட்டுமே சரி. அம்மா ர-வுக்குக் கால் வைக்க மாட்டார். சின்ன அளவில் ‘காரம்’ என்பதில் ர எது, துணைக்கால் எது என்று தெரியாது. எடை, தேதி, சேர்மானம் எல்லாம் சாதாரண எழுத்துருவில்தான். அச்சுக்கு லேசர் பிரின்டர் நல்லது. இங்க்ஜெட் மை இங்கத்திப் பனி ஈரத்தில் கசிகிறது.

அடுத்து ஜ, ஸ இரண்டையும் எழுதி வாங்க வேண்டும். அக்கா இப்போதே ‘பிளம்ஸ் ஜாம்’ லேபிள் கேட்கிறாள்.