ஒரே ஒரு கீறல்

"அப்படியானால் அப்பா பொய் சொன்னாரா?" என்று, தன் அப்பாவின் கேமராவை எங்கள் கடையில் விற்க வந்த அந்த அம்மா கேட்டார். அது போர்க்கால ஜெர்மன் விமானப்படையின் கேமரா என்று அப்பா சொல்லியிருந்தாராம். "கேமராவின் மேலே உள்ள இந்த எழுத்துகள் பிற்பாடு வெட்டியவை" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. இரண்டு வருடமாகியும் என் மனம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கேமரா அசல் லைக்கா த்ரீ சி, ஜெர்மன் தயாரிப்பு. அதில் எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. லென்ஸைக் கழற்றியதும், தூரத்தைக் கணிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கையின் நுனியில் சின்ன உருளை தெரிந்தது. லைக்காவைப் பார்த்து சோவியத் காலத்தில் கார்கிவில் செய்த ஃபெட் கேமராவை லைக்கா என்று விற்பவர்கள் வெளியே பெயரை மாற்றுவார்கள். உள்ளே இருக்கும் ஆப்பு போன்ற முனையை அநேகமாக அப்படியே விட்டுவிடுவார்கள். ஷட்டர் திரை சிவப்பு. போர்க்காலத்தில் லைக்கா தொழிற்சாலை இருந்த வெட்ஸ்லாரில் கொஞ்ச காலம் அப்படிப் போட்டார்கள். ஓரங்களில் குரோம் கொப்புளித்து உரிந்திருந்தது. அதுவும் அந்தக் காலத்துப் பூச்சுக்கே உரியது.

தகராறு எல்லாம் மேல்தகட்டில் இருந்த விமானப்படைப் பொறிப்பில்தான். அது உண்மை என்றால் விலை எங்கேயோ போய்விடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு கீறல் அகப்பட்டது. எழுத்து வெட்டிய பிறகு விழுந்த கீறல் என்றால், பள்ளத்தின் விளிம்பையும் சிராய்த்துக்கொண்டு போகும். இது எழுத்தின் இரண்டு பக்கமும் கத்தரித்தது போல நின்றது. ஆக, கீறல் முந்தி, எழுத்து பிந்தி.

அந்தக் கணிப்பு தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போலிப் பொறிப்புகள் மலிந்த தொழில் இது. சந்தேகப்படாதவன் இதில் நிற்க முடியாது. ஆனால் ஒரே ஒரு கீறல். படைக்குள் கொஞ்ச நாள் புழங்கிய பிறகு அங்கேயே யாராவது வெட்டியிருந்தால்? பிந்தியது என்றால் எவ்வளவு பிந்தி, 2 மாதமா, 40 வருடமா? அதைக் கீறல் சொல்லாது. நான் சொன்னேன், அதுவும் துளி தயக்கமில்லாத குரலில்.

அப்புறம் அதே மேசையில், பொறிப்பில்லாத த்ரீ சி-யின் விலைக்கு, கடைக்காக நானே அதை வாங்கினேன். என்னை உறுத்துவது இதுதான். குறை சொன்னதும் நான், அந்தக் குறையால் லாபம் அடைந்ததும் என் பக்கம். தொடரெண்ணை வைத்து அந்தக் கேமரா எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று வெட்ஸ்லாரில் பழைய பதிவேடுகளில் தேடிப் பார்க்கச் சொல்லலாம். அதை அவரிடம் சொன்னேனா? சொன்னேன், போகிற போக்கில். "ரொம்ப நாள் ஆகுமா?" என்று கேட்டார். "ஆகலாம்" என்றேன். அவருக்கு அன்றைக்கே பணம் வேண்டியிருந்தது. காத்திருங்கள் என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் காத்திருப்பாரோ என்னவோ.

பொறிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று அட்டையில் தெளிவாக எழுதித்தான் விற்பனைக்கு வைத்தோம். அதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. மூன்றாம் நாள் வந்த ஒருவர் அட்டையைப் படித்தார், கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார். அவர் என்ன கண்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தொடரெண் என் குறிப்பேட்டில் இருக்கிறது. வெட்ஸ்லாருக்கு எழுத ஒரு பக்கக் கடிதம் போதும். இன்னும் எழுதவில்லை.