நடவு கேட்டவருக்குக் கஞ்சி ஊற்றினோம்

2024-இல் ஜூன் 12 வந்து போனது, பாசனத்துக்கு வழக்கமாக அன்று திறக்கிற மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. அந்தக் குறுவை நெல் பருவம் எப்படிப் போனது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சன்மார்க்க அன்னதானக் கூடத்தில் கணக்கும் ஸ்டோரும் என் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடுகிற கூட்டம் அந்த வருஷம் ஆனியிலேயே கூடிவிட்டது. வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது.

அந்த வரிசையில் ஒரு அம்மா. நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர், அறுபதை ஒட்டிய வயது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காலை முன்னே நீட்டி விரலிடுக்கை விரித்துக் காட்டினார்.

"பாருங்க தம்பி, இந்த வருஷம் ஒரு சேத்துப்புண் கூட இல்ல."

"நல்லதுதானேம்மா" என்றேன்.

"ஆனி மாசத்துல காலு இப்படிக் கெடந்தா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? சரி, இந்த அரிசி யாரு குடுத்தது?"

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது, பலகையில் எழுதியே வைத்திருக்கிறோம்.

"அவரு வயலுல போர்வெல் இருக்கு, நடவு நடந்துச்சு. மிஷினு நட்டுச்சு. எங்கள நட விட்டிருந்தா நாங்க ஏன் இங்க வந்து நிக்கிறோம்? நீங்க சொன்னா கேப்பாரு தம்பி. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நம்ம வேலை பசியாத்துறது மட்டுந்தாம்மா" என்றேன்.

"சரி தம்பி" என்று வாளியை நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை.

அந்தப் பதிலை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் பொய் இல்லை. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே வருகிறவரிடம் சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, ஏன் பசிக்கிறது என்றும் கேட்பதில்லை. பசி ஒன்றே போதும். அந்த நம்பிக்கையில்தான் இந்த வேலைக்கு வந்தேன். கேள்வி கேட்காமல் சோறு போடுவதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் பசித்தவரே காரணத்தைச் சொல்லும்போது? காதில் வாங்கக் கூடாது என்று வள்ளலார் எங்கே சொன்னார்?

சோறு கேட்டு வந்தவருக்குச் சோறு போட்டால் சரி. அந்த அம்மா கேட்டது வேலை.

அதன்பின் அரிசி எடுக்க அந்த அய்யா வீட்டுக்குப் போனேன். ரசீது எழுதிக்கொண்டே, "மிஷின் நடவு எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் எதையும் ஒளிக்கவில்லை. "ஏக்கருக்கு நாலாயிரம் அரசாங்கமே மானியம் குடுக்குது தம்பி. ஆள் தேடி அலைய வேண்டாம், நாள் தவறாம முடிஞ்சிடுது" என்றார். உண்மைதான். அந்த வருஷம் அறிவித்த 78.67 கோடி ரூபாய் குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவு மானியமும் இருந்தது. தண்ணீர் இல்லாத வருஷத்தில் விவசாயியைக் காப்பாற்ற வந்த திட்டம் அது. அதை வாங்கியவர் மேல் என்ன குற்றம் சொல்வது? அவருக்கும் சொசைட்டிக் கடன் இருக்கிறது, நெல் நனைந்தால் அவருக்கும்தான் நஷ்டம்.

அப்புறம் அவர் கேட்டார்: "கஞ்சிக்குக் கூட்டம் எப்படி?" நிறைய வருகிறார்கள் என்றேன். அவர் கண் கலங்கியது. "இன்னும் ரெண்டு மூட்டை எடுத்துட்டுப் போங்க, ஒருத்தரும் வெறும் வயித்தோட திரும்பக் கூடாது." மனசாரச் சொன்னார். அந்த ஈரத்தைச் சந்தேகப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அங்கேயே பேச்சை எடுத்திருக்கலாமா? எடுத்து, அவர் மனம் கசந்து அரிசி நின்றிருந்தால், நடவுக்கே போக முடியாத கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள் கதி என்ன? அவர்களுக்கும் சேர்த்துத்தானே நான் பொறுப்பு. கூலி, வேலை என்று பேச்செடுப்பது இந்த மண்ணில் லேசான காரியமும் இல்லை. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்ததும் கூலி கேட்ட தகராறில்தான். காலம் மாறிவிட்டது, அந்த அய்யா அப்படிப்பட்டவரும் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் அந்த அம்மா கேட்டது அப்படியே நிற்கிறது. அவர் என்னைப் போராட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கேட்டது ஒரு வார்த்தை.

ஜூலை 28-இல் தண்ணீர் திறந்தார்கள். சம்பாவிலாவது நடவு இருக்கும் என்று நினைத்தேன். நாள் தள்ளிப்போனதால் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாவும் கூட வந்தவர்களும் களை எடுக்கும் பருவம் வரை எங்கள் வரிசையில்தான் நின்றார்கள். என்னிடம் மறுபடி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நன்கொடையாளர் கூட்டத்தில் இதைப் பொதுவாக வைக்கலாமா என்று நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். வயல் வைத்திருக்கிறவர்கள் ஒரு பங்கு நடவையாவது உள்ளூர்ப் பெண்களுக்கு விடட்டும், யார் பெயரையும் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான் என் யோசனை. "தர்மம் பண்ண வர்றவங்ககிட்ட நிபந்தனை போடக் கூடாதுப்பா" என்றார் அவர். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி அவரிடமே கொடுத்துவிட்டேன். இன்னும் திருப்பித் தரவில்லை.