பைபாஸுக்குப் பிறகு கீழ் எண்ணையும் கவனிக்கிறேன்

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சுங்கை சிப்புட்டில் என் வயதினர் இருவர் சந்தித்தால் சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்ற விசாரிப்பு தானாக வந்துவிடும்; பிரஷர் என்றால் மேல் எண்ணை மட்டுமே சொல்வோம். கோலாலம்பூரில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் கீழ் எண்ணின் முக்கியத்துவம் எனக்கு விளங்கியது.

இதயத் தமனிகளின் அடைப்பைத் தாண்டி இரத்தம் போக எனக்கு இரண்டு மாற்றுவழிகள் அமைத்தார்கள். இதயத்தின் முன்புறமாக இறங்கும் முக்கியத் தமனியில், மார்பின் உட்புறம் ஓடும் தமனியைத் திருப்பி இணைத்தார்கள். இன்னொன்றுக்குக் காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையை, இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைத்தார்கள். மூன்றாவது தமனியில் அடைப்பு பாதியளவுகூட இல்லை. "அதையும் சேர்த்தே செய்திருக்கலாமே, டாக்டர்?" என்று மகள் கேட்டாள். சொந்தத் தமனியிலேயே இரத்தம் தாராளமாக ஓடினால் புதிய குழாயில் ஓட்டம் மந்தமாகி, நாளடைவில் அது சுருங்கி அடைபடக்கூடும் என்றார் அவர். இரு முனைகளிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குழாய் இருந்தும் ஓட்டம் இராது என்பது, தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பைப் பல காலம் பார்த்துக்கொண்ட எனக்கு உடனே பிடிபட்டது.

வீட்டுக்கு வந்த புதிதில், காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மகன் வாங்கித் தந்த கருவி 104/52 என்று காட்டியது. "இளவட்டப் பிரஷர் அண்ணே, இனி என்ன கவலை!" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அந்த 52-இன் மேல்தான் விரலை வைத்தார்.

இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களையும் சேர்த்தே நெரிக்கிறது. ஆகவே இடது பக்கத் தசைக்குப் பெரும்பாலான இரத்தம் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே இதயம் தளரும் வேளையில்தான் போய்ச் சேருகிறது. அப்போது இரத்தத்தைத் தள்ளும் அழுத்தத்தைத்தான் கீழ் எண் காட்டுகிறது. அது மிகவும் இறங்கி, நாடியும் வேகமாக அடித்தால், தள்ளும் விசையும் குறைகிறது, தளரும் நேரமும் குறைகிறது. இதயத் தசை ஓய்வின்போதே இரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் பெரும்பங்கை எடுத்துவிடுவதால், கூடுதல் தேவை வரும்போது ஓட்டம் கூடினால்தான் அது சமாளிக்க முடியும்.

டாக்டர் பிரஷர் மருந்துகளில் ஒன்றின் அளவைக் குறைத்தார்; நாடியை நிதானப்படுத்தி இதயம் தளரும் நேரத்தை நீட்டிக்கும் பீட்டா புளோக்கரை அப்படியே விட்டார். தலை சுற்றுகிறதே என்று தாமாகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்துபவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களுக்காகவே எந்த மருந்து எதற்கு என்பதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அழுத்தம் ஏறுவதும் ஆபத்துதான். காலில் தாழ்ந்த அழுத்தத்துக்குப் பழகிய சிரை, மகாதமனியின் அழுத்தத்தை இரவு பகலாகத் தாங்கும்போது அதன் சுவர் தடிக்கிறது, உள்ளே கொழுப்பும் படிகிறது. பத்து ஆண்டுகளில், இப்படி மாற்றுவழியாகத் தைத்த சிரை ஒட்டுகளில் ஏறத்தாழ பாதி அடைபடுவதாகவும், மார்புத் தமனி ஒட்டுகளில் பத்தில் ஒன்பதுக்குமேல் திறந்தே இருப்பதாகவும் டாக்டர் சொன்னார். இரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டினும் என் டப்பாவில் நிரந்தரமாக இடம் பிடித்ததற்கு அதுவே காரணம்.

நான் எதிர்பாராத இன்னொன்று, இரண்டு கைகளிலும் அளக்கச் சொன்னது. மார்பின் உட்புறத் தமனி, கைக்குச் செல்லும் பெருந்தமனியிலிருந்து பிரிவது. என் ஒட்டு இடது பக்கத்துத் தமனி. இடது கையில் அழுத்தம் வலது கையைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், அந்தப் பெருந்தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இதயத்துக்குப் போகும் ஓட்டமும் குறையக்கூடும். எனக்கு இரு கைகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைத்து அளக்கிறேன். பிறகு எழுந்து நின்று மறுபடியும் அளக்கிறேன். கீழ் எண் பெரும்பாலும் எழுபதை ஒட்டி நிற்கிறது. நாடியையும் சேர்த்து மூன்று எண்களாக நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்கிறேன்.