ஹார்ட்விக் ஹால்: கண்ணாடிக்கு இடம்விட்ட நடுச்சுவர்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு மேட்டின் மேல் நிற்கிறது ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகை. 'சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம்' என்று அந்த ஊர்க்காரர்கள் பழங்காலந்தொட்டுச் சொல்லிவருகிறார்கள். பார்க்கப் போகிறவர்களும் ஜன்னல்களைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அத்தனை கண்ணாடிக்கும் இடம் கொடுத்தது வெளியிலிருந்து தெரியாத ஒரு சுவர். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1590-இல் தொடங்கி 1597-இல் குடியேறும் அளவுக்கு வேலை முடிந்தது. கட்டியவர் ஷ்ரூஸ்பரி கோமாட்டி எலிசபெத் டால்பட். பெஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வடிவமைப்பு, வோலட்டன் ஹால் என்ற இன்னொரு மாளிகையைக் கட்டிய ராபர்ட் ஸ்மித்சனுடையது என்று கருதப்படுகிறது. செவ்வக உடம்பு, அதைச் சுற்றி ஆறு கோபுரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய இ, எஸ் என்ற எழுத்துகள்: எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்.

வீட்டின் நீளவாக்கில் தடித்த கல்சுவர் ஒன்று நடுவே ஓடுகிறது. முக்கியமான கணப்பு அடுப்புகளும் அவற்றின் புகைப்போக்கிகளும் அதற்குள்ளேயே ஏறுகின்றன. தளத்தின் உத்திரங்களுக்கு ஒரு முனை இதன் மேல். மறுமுனை வெளிச்சுவரில் ஜன்னல்களுக்கு இடையிலுள்ள கல்தூண் பகுதிகளின் மேல். புகைப்போக்கியைச் சுமக்கும் வேலை பெரும்பாலும் இல்லாததால் வெளிச்சுவரைத் தாராளமாகத் திறக்க முடிந்தது. துருத்தி நிற்கும் கோபுரங்கள் அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுக்கின்றன.

மேலே போகப்போக ஜன்னல் உயரம் கூடுகிறது. தரைத்தளம் வேலைக்காரர்களுக்கு, முதல் மாடி பெஸ்ஸின் அன்றாட வாழ்க்கைக்கு, இரண்டாம் மாடி விருந்தினரை வரவேற்க. யார் எங்கே இருந்தார்கள் என்பதை வெளியே நின்றே சொல்லிவிடலாம். முன்வாசலில் நுழைந்ததும் வரும் கூடம் வீட்டின் குறுக்கே, நட்டநடுவில் போகிறது. முகப்புக்கு இணையாகக் கூடம் அமைப்பதே அதுவரை வழக்கம். அதை மாற்றியதால்தான் முகப்பின் இரு பக்கமும் ஒன்றுபோல அமைந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் மாடியின் பெரிய வரவேற்பறை. கிரேக்க வீரன் யுலிசிஸின் கதை நெய்த திரைச்சீலைகளை பெஸ் 1587-இலேயே வாங்கிவிட்டார். அறையின் சுவர் அவற்றுக்கு ஏற்ப அமைந்தது. அதற்கு மேலே சுண்ணச்சாந்தில் புடைத்து நிற்கும் காடும் வேட்டையும், வண்ணம் பூசியவை. பக்கத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளமுள்ள நீள்கூடம். அங்கே பைபிளில் வரும் கிதியோன் கதை சொல்லும் 13 திரைச்சீலைகள்.

வெளித்தோற்றத்தின் சமச்சீருக்காகச் சில இடங்களில் பொய் ஜன்னல்களும் உண்டு. கண்ணாடி இருக்கும், பின்னால் புகைப்போக்கியோ சுவரோ இருக்கும். வெயில் நேரத்தில் கவனித்தால் ஒளி ஊடுருவாமல் கறுத்துத் தெரிபவை இவை.

இந்த வகை ஜன்னலில் கோளாறு பெரும்பாலும் இரும்பில் தொடங்கும். அக்காலத்தில் பெரிய கண்ணாடித் தகடு வார்க்க முடியாது. சிறு துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து, அந்தப் பலகையைக் குறுக்கே போகும் இரும்புக் கம்பிகளில் செப்புக் கம்பியால் கட்டுவார்கள். இரும்பின் முனை கல்லுக்குள் புதைந்திருக்கும். மழைநீர் இறங்கினால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் ஜன்னல்கால் பிளந்துவிடும். துருவேறிய முனையை வெட்டியெடுத்து, துருப்பிடிக்காத உலோகத்தில் புது முனை பொருத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பதே சரியான வைத்தியம். கட்டுக்கம்பி அறுந்தால் காற்றழுத்தத்தில் பலகை உப்பும். உப்பியதைக் கையால் அழுத்தி நிமிர்த்தக் கூடாது: ஈயப் பட்டைகளின் பற்றவைப்பு விட்டுப்போகும், கண்ணாடியும் உடையும். கழற்றித்தான் சீர்செய்ய வேண்டும்.

கல்லிடுக்கில் சிமென்ட் பூசுவது இன்னொரு கேடு. வீட்டுக்குப் பயன்பட்டது உள்ளூர் மணற்கல். சிமென்ட் இடுக்கை அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியாகவே வெளியேறும்; கூடவே வரும் உப்பு கல்லின் முகத்துக்கு அடியில் படிகமாகி, ஏடு ஏடாக உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையாக இருந்தால் அதுதான் முதலில் தேயும், கல் பிழைக்கும்.

1959 முதல் வீடு, பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஒளி பட்டால் திரைச்சீலையின் சாயம் வெளுத்து நூல் இற்றுவிடும் என்பதால், இத்தனை பெரிய ஜன்னல்களுக்கு உள்ளே மறைப்புத் திரை இறக்கியே வைத்திருக்கிறார்கள். அறைக்குள் நுழைந்ததும் இருட்டாகத் தோன்றும். கண் பழகச் சில நிமிடம் நின்று, பிறகு சுவரைப் பாருங்கள்.