வீட்டு ஜிம்முக்கு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கம்பி

வீட்டில் ஓர் அறையைப் பளுப் பயிற்சிக்கு ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் எடைத்தட்டுகளின் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். நானும் கம்பி, தட்டுகள், டம்பெல் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டைத்தான் முதலில் வாங்கினேன். அந்தத் தட்டுகளின் துளை ஏறக்குறைய 25 மி.மீ. பிறகு நல்ல கம்பிக்கு மாற விரும்பியபோது, போட்டிகளில் பயன்படும் ஒலிம்பிக் வகைக் கம்பியில் தட்டு மாட்டும் முனைகள் 50 மி.மீ. தடிமன் கொண்டவை என்பதால், சேர்த்து வைத்திருந்த தட்டுகளில் ஒன்றுகூட அதில் நுழையவில்லை. எனவே கம்பியை முதலில் முடிவு செய்யுங்கள். தட்டும், கம்பியைத் தாங்கும் சட்டமான ராக்கும் அதன் அளவைப் பொறுத்தே அமைய வேண்டும்.

ஆண்களுக்கான போட்டிக் கம்பி 20 கிலோ எடையும் 2.2 மீட்டர் நீளமும் 28 மி.மீ. பிடித் தடிமனும் கொண்டது. பெண்களுக்கானது 15 கிலோ, 2.01 மீட்டர், 25 மி.மீ. இரண்டிலும் முனைகளுக்கு இடைப்பட்ட பகுதி 1.31 மீட்டர்தான் என்பதால், இரண்டும் ஒரே ராக்கில் அமரும். அறையில் கம்பியின் நீளத்துக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது. தட்டை மாட்டிக் கழற்ற இருபுறமும் ஆள் நிற்க இடம் வேண்டும். குறுகிய அறை உள்ளவர்கள், ஆணாக இருந்தாலும், 15 கிலோ கம்பியைத் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

வாங்கும் முன் கம்பியின் முனையை விரலால் சுழற்றிப் பாருங்கள். அது உரசலின்றிச் சுழல வேண்டும். இல்லையெனில், கம்பியைத் தோளுக்குத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பும் நொடியில் தட்டுகளின் கனம் முழுவதும் மணிக்கட்டை முறுக்கும். பிடியிலுள்ள சொரசொரப்பையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்: வழுக்கவும் கூடாது, தோலைக் கிழிக்கவும் கூடாது.

ரப்பர் தட்டுகளின் பெரிய நன்மை அவற்றின் விட்டம். 10 கிலோ தட்டும் 25 கிலோ தட்டும் 45 செ.மீ. விட்டத்திலேயே வருவதால், கம்பி எப்போதும் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சிறிய இரும்புத் தட்டுகளோடு, கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் செய்யும் புதியவர் அதைவிடத் தாழ்வாகக் குனிய வேண்டியிருப்பதால் முதுகு வளைந்துவிடுகிறது; தட்டுகளுக்கு அடியில் உறுதியான பலகை வைத்து உயர்த்தினால் இது சரியாகும். எடையைக் கீழே போடும் பயிற்சிகள் இல்லையென்றால் இரும்பே போதும்.

தனியாகப் பயிற்சி செய்பவர் ஒருபோதும் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம், ராக்கின் பாதுகாப்புத் தண்டுகள். பெஞ்சில் படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில், நெஞ்சை உயர்த்திப் படுத்திருக்கும்போது அவை கம்பியைத் தடுக்கக் கூடாது; நெஞ்சைத் தளர்த்தியதும் கம்பி கழுத்தைத் தொடாமல் அவற்றின் மீது அமர வேண்டும். முதல் நாளே வெறுங்கம்பியோடு படுத்து இதைச் சோதித்துவிடுங்கள். நின்றபடி தலைக்கு மேல் தூக்குபவர்கள், உயர்த்திய கையின் உயரத்தோடு தட்டின் பாதி விட்டத்தையும் கூட்டி, கூரை இடிக்காதா என்று அளந்துகொள்ள வேண்டும்.

டம்பெல்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 1.25 கிலோ, அரைக் கிலோ தட்டுகளில் ஒவ்வொரு ஜோடியைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். தோள் பயிற்சியில் ஒரே தாவலில் 5 கிலோ கூட்டுவது பலருக்கு இயலாது. பல வாரங்கள் ஒரே எடையில் நின்றுபோயிருந்த எனக்கு, அந்த அரைக் கிலோ ஜோடி வந்த பிறகே எடை ஏறத் தொடங்கியது.