யாரும் பேசாத இரண்டு லைன்கள்

போர் முடிந்த மறு ஆண்டு, 2010 இல், கிளிநொச்சிக் கந்தோர் ஒன்றிலிருந்து வவுனியாவில் இருந்த எங்கள் தொலைபேசிக் கடைக்கு முறைப்பாடு வந்தது: எந்த நேரமும் எங்கேஜ். வெளி லைன் மூன்று, உள் இணைப்பு எட்டு. வெளி லைன்களையும் கந்தோருக்குள் இருக்கும் தொலைபேசிகளையும் இணைத்துவிடும் சிறிய பெட்டிதான். அதைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தவன் நான். ஆகவே, வழியில் பஸ் முறிகண்டியில் நின்றபோது பிள்ளையாரிடம் கொஞ்சம் சுயநலமாகவே வேண்டிக்கொண்டேன்: பழுது பெட்டியில் இருக்கட்டும், என் வேலையில் இருக்க வேண்டாம். கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பவும் ஏறினேன்.

கந்தோர் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு முதியவர் நின்றார். தருமபுரத்திலிருந்து வந்திருந்தார். என் கருவிப் பையைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். "தம்பி, ஐந்து நாளாக எடுக்கிறேன். யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி என்னதான் பேசுகிறார்கள்?"

உள்ளே போனால் மூன்று லைனின் விளக்கும் எரிகின்றன. கந்தோரில் ஒருவர் கையிலும் ரிசீவர் இல்லை.

தொலைபேசி லைன் ஒன்றுக்கு மனிதர்களைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கரண்ட் மட்டுமே. ரிசீவர் கீழே இருக்கும்போது கம்பியில் சுமார் 48 வோல்ட் நிற்கும், கரண்ட் ஓடாது. தூக்கியதும் சுற்று மூடும், சில பத்து மில்லி அம்பியர் ஓடும், எக்ஸ்சேஞ்ச் "ஆள் வந்துவிட்டார்" என்று எண்ணிக்கொள்ளும். பேசுவது மனிதரா, கரண்டை மட்டுப்படுத்தும் வெறும் தடையியா (ரெசிஸ்டர்) என்று அது விசாரிப்பதில்லை. அழைத்தவரை லைனிலேயே காத்திருக்கவைக்கும் ஹோல்ட் என்ற வசதியே இந்த வெகுளித்தனத்தின் மேல் கட்டியதுதான். பொத்தானை அழுத்தினால் ஆளுக்குப் பதிலாக ஒரு தடையி லைனின் குறுக்கே வந்து உட்காரும். கரண்ட் தொடர்ந்து ஓடும்.

இதை நான் முதலில் கற்றது கொழும்பில் ஒரு பழுதுபார்க்கும் கடையில், பழைய அமெரிக்க ஆறு பொத்தான் தொலைபேசி ஒன்றை வைத்து. ஐந்து பொத்தான் லைனுக்கு, சிவப்பு ஒன்று ஹோல்டுக்கு. ஒவ்வொரு தொலைபேசிக்கும் 25 சோடிக் கம்பி, அதாவது 50 கம்பி, கைவிரல் தடிப்பில் ஒரு வால் போல வரும். பேச்சுக்கம்பியோடு ஒரு கட்டுப்பாட்டுக் கம்பியும் உண்டு. ரிசீவரை வைத்தால் பேச்சுச் சுற்று முதலில் அறும், ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் லைனை விட்டுவிடும். ஹோல்டை அழுத்தினால் கட்டுப்பாட்டுக் கம்பி முதலில் அறும். பேச்சுக் கரண்ட் இன்னும் ஓடுகிறதே என்று கண்ட ரிலே, தடையியைக் குறுக்கே போடும். எது முதலில் அறுகிறது என்பதிலேயே முழு விஷயமும். இந்த இரண்டு வரியை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது. சொல்லித்தந்த ஐயா அதற்காக என்னை ஒரு நாளும் ஏசவில்லை. தேநீர் வாங்கிவரத்தான் அனுப்பினார்.

இன்றைய பெட்டிகளில் அந்த வால் இல்லை. விரல்நகமளவு சிப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. எம்டி 8816 என்ற சிப்பை எடுத்தால், 8 வரிசை, 16 நிரல், மொத்தம் 128 சந்திகள். எந்தச் சந்தியை மூடச் சொல்கிறோமோ அந்த இருவரும் இணைவார்கள். ஆனால் எப்போது திறப்பது? மூடுவதைவிட அதுதான் கடினம். கிளிநொச்சியில் சிக்கியதும் அங்கேதான்.

சோதனைத் தொலைபேசியை முதல் லைனில் கொளுவிக் கேட்டேன். எங்கேஜ் ஒலி. இரண்டாவதிலும் எங்கேஜ் ஒலி. பெட்டிக்குள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. ஆளில்லாத இரண்டு லைன்கள், தங்கள் எங்கேஜ் ஒலியை ஒன்றுக்கொன்று கேட்கவைத்துக்கொண்டு, காலையிலிருந்து!

நடந்தது இதுதான். வெளிக்களத்தில் நிற்கும் அதிகாரியைக் கேட்டு முதல் லைனில் அழைப்பு வரும். வரவேற்பு மேசைத் தங்கச்சி, இரண்டாவது லைன் வழியாக அவருடைய கைத்தொலைபேசிக்கு மாற்றிக்கொடுப்பார். இருவரும் பேசி முடித்து வைத்துவிடுவார்கள். ஒழுங்கான செம்புக் கம்பி லைன் என்றால், மறுமுனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் கரண்டை ஒரு கணம் அறுத்துக் காட்டும், அல்லது நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் காட்டும். பெட்டி அதைக் கண்டு சந்தியைத் திறக்கும். அந்தத் தெருவுக்கோ அப்போது செம்புக் கம்பி வரவில்லை. மூன்று லைனும் கூரையில் அன்ரெனா பூட்டிய கம்பியில்லாத் தொலைபேசிக் கருவிகளிலிருந்து வந்தவை. பேச்சு முடிந்தால் அவை ஒலியைத் தருமே தவிர, கரண்டை அறுத்துக் காட்டமாட்டா. உள் இணைப்பில் ஒருவர் பேசினால் அவர் ரிசீவரை வைப்பார், பிரச்சினை இல்லை. வெளி லைன் இரண்டு தங்களுக்குள் இணைந்தால் வைப்பதற்கு யார் இருக்கிறார்கள்? மாட்டிய நாளில் எட்டு உள் இணைப்பையும் சோதித்த நான் இதைச் சோதிக்கவில்லை. பிள்ளையார் என் வேண்டுதலை ஏற்கவில்லை.

மூன்றாவது லைனும் தன் பங்குக்கு, முடிந்துபோன இன்னோர் அழைப்பில் தனியே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கேஜ் ஒலியைக் கேட்டு விடுவிக்கும் வசதி அந்தப் பெட்டியில் இல்லை. இருந்தது நேர வரம்பு: வெளி லைன் இரண்டு இணைந்தால் இத்தனை நிமிடத்தில் வெட்டு. பத்து நிமிடம் என்று போட்டுவிட்டு எழுந்தேன். தங்கச்சி மறித்தார்.

"பத்து நிமிடம் போதாது அண்ணா."

"ஒரு கந்தோர் விஷயத்துக்குப் பத்து நிமிடம் போதாதா?"

"முதல் ஐந்து நிமிடம் அழுவார்கள். பிறகுதான் பெயரைச் சொல்வார்கள். முகாமில் இருந்த இலக்கம், காணி எங்கே, யார் இல்லை என்று சொல்ல இன்னும் பத்து நிமிடம். நீங்கள் நடுவில் வெட்டினால் திரும்ப எடுக்கும்போது முதலிலிருந்து அழுவார்கள்."

எந்தக் கையேட்டிலும் இல்லாத கணக்கு அது. இருபத்தைந்து நிமிடம் போட்டேன். மாற்றிக்கொடுத்த அழைப்பு முடியவேண்டிய நேரம் கடந்தும் விளக்கு எரிந்தால் நுழைந்து கேட்டு விடுவிக்கும் முறையையும் அவருக்குக் காட்டினேன்.

அமெரிக்காவில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற ஒருவர் இருந்தார், பிரேத அடக்கத் தொழில் செய்தவர். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுப்பவர் தன் வாடிக்கையாளர்களைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆளே இல்லாமல் இணைக்கும் கருவியை உருவாக்கி 1891 இல் காப்புரிமை பெற்றார். தானியங்கி எக்ஸ்சேஞ்ச் பிறந்த கதை இது. அந்தத் தங்கச்சியின் மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் அவரை உட்காரவைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அன்று இன்னொரு வேலையும் பார்த்தேன். மின்சாரம் நின்றால் பெட்டிக்குள் ஒரு ரிலே தளர்ந்து, முதல் வெளி லைனை முதல் உள் இணைப்போடு நேரே சேர்த்துவிடும். சிப்பு வேண்டாம், மென்பொருள் வேண்டாம், ஒரு வில்லுக்கம்பி இழுப்பதோடு சரி. கந்தோர் ஜெனரேற்றரில் ஓடியது, மாலை நாலரைக்கு அதை நிறுத்துவார்கள். கம்பியில்லாக் கருவிக்கு உள்ளேயே பற்றரி உண்டு என்பதால் லைன் உயிரோடு இருக்கும். அப்படியென்றால், நாலரைக்குப் பிறகு அந்தக் கந்தோரில் மணி அடிக்கக்கூடிய ஒரே தொலைபேசி, முதல் இணைப்பு.

அதை நான் பொறுப்பதிகாரியின் மேசையில் வைத்திருந்தேன். முதல் இலக்கம் பெரியவருக்கு என்பது எழுதாத சட்டம். அவரோ நாலரைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு போகிறவர். மாற்றவேண்டும் என்றதும், "என் இலக்கம் என்ன ஆகும்?" என்று கேட்டார். இலக்கம் அப்படியே இருக்கும், கம்பி மட்டும் மாறும் என்றேன். இலக்கங்களை மென்பொருளில் மாற்றிப் போடலாம். ரிலேக்கு இலக்கம் தெரியாது, கம்பி மட்டுமே தெரியும். மதிப்பு குறையாது என்று தெரிந்ததும் சம்மதித்தார். முதல் கம்பியை வாசல் காவலாளியின் கொட்டிலுக்கு இழுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வவுனியாவிலிருந்து இரவு ஏழரைக்கு அந்த இலக்கத்தைச் சோதித்துப் பார்த்தேன். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"கந்தோர் பூட்டியாயிற்று ஐயா," என்றார் காவலாளி. நான் யாரென்று சொல்வதற்குள் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. "பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், எழுதிவைக்கிறேன். இன்று உங்களோடு ஏழு பேர்."