கல் இருக்கிறது, நாயைக் காணோம்

வீட்டுக்குள் "வா" என்றால் நாய் வரும். தெருமுனையில் "வா" என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். காட்டுப் பூங்காவின் அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் பத்தடி போனதும் அதே "வா"வைச் சொல்லிப் பாருங்கள். ஒரு காது மட்டும் லேசாகத் திரும்பும். மூக்கு தரையை விட்டு எழாது. நேற்றிரவு அந்த வழியே ஒரு மான் போயிருக்கிறது, அதன் பின்னால் ஒரு நரி, நரிக்குப் பின்னால் வேறு ஏதோ. உங்கள் அழைப்பு வரிசையில் நான்காவதாக நிற்கிறது. கொடுத்த பயிற்சியெல்லாம் வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். பயிற்சி கொடுத்த மைதானத்தில் மான் இல்லை, வேறொன்றும் இல்லை.

ஆகவே காட்டில் நம்ப வேண்டியது நாயின் ஒழுக்கத்தை அல்ல, லீஷை, அதாவது அதைப் பிடித்திருக்கும் வாரை. பல பூங்காக்கள் நாயை உள்ளேயே விடுவதில்லை. விடுகிற இடங்களிலும் எல்லாப் பாதைகளும் திறந்திருக்காது. கிளம்பும் முன் விதியைப் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் லீஷ் 6 அடிக்கு, அதாவது சுமார் 1.8 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. எந்த நாட்டுக் காட்டுக்கும் பொருந்துகிற அளவுதான் அது. அதைவிட நீண்டால் மரங்கள் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருளும் லீஷைக் காட்டுக்குக் கொண்டுவருபவரை ஐந்தே நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடலாம். நாய் மரத்துக்கு இடப்பக்கம் போயிருக்கும், அவர் வலப்பக்கம் நிற்பார். நாய் வந்த வழியே திரும்பாது. அதே மரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றும். அந்த மெல்லிய கயிற்றைப் பதற்றத்தில் கையால் பிடித்தால் விரல் தோல் உரியும். கைப்பிடி நழுவிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பிளாஸ்டிக் டப்பா கல்லில் மோதி "கடகட"வென்று பின்னாலேயே வர, ஏதோ துரத்துகிறது என்று நாய் ஓடும். ஓட ஓட டப்பாவும் விடாமல் துரத்தும்.

சாதாரணப் பட்டை லீஷ் போதும். இடுப்பில் கட்டும் வகை இரு கைகளையும் விடுவிக்கும். ஏற்றத்தில் நாய் இழுப்பதுகூட உதவிதான். இறக்கத்திலும் ஓடையைக் கடக்கும்போதும் அதை அவிழ்த்துக் கையில் பிடியுங்கள், ஆனால் மணிக்கட்டில் சுற்றாதீர்கள். அணில் ஓடும் திசையில் நாய் பாயும்போது இடுப்பும் கூடவே போகும். இடுப்பு போன இடத்துக்கு மிச்சமும் போயாக வேண்டும். லீஷைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸில் மாட்டுங்கள். நெஞ்சுப்பக்கம் ஒய் வடிவில் இருக்கட்டும், பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும், முதுகில் ஒரு கைப்பிடி இருந்தால் பாறை மேல் தூக்கிவிட வசதி. புது ஹார்னஸை நீண்ட நடையில் முதன்முதலாக மாட்டினால் முன்னங்கால் அக்குள் சிவந்து புண்ணாகும். முன்னதாகச் சில நாள் குறுநடையில் பழக்குங்கள்.

"எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க!" என்ற வசனம் எல்லாக் காட்டிலும் கேட்கும். பெரும்பாலும் ஓடிவரும் நாய்க்கு ஐம்பது மீட்டர் பின்னாலிருந்து, மூச்சிரைக்க. அது ஒன்றும் பண்ணாது என்று மானுக்கு யாரும் சொல்லவில்லை. தரையில் கூடு கட்டும் பறவை, நாய் கடிக்க வேண்டும் என்றெல்லாம் காத்திருக்காது. அருகே வந்தாலே எழுந்து பறந்துவிடும், முட்டைகள் சூடு இழக்கும். கரடி, காட்டுப்பன்றி என்றால் கதை வேறு. நாய் குரைத்துக்கொண்டே வீரமாகப் போகும், எதிரே இருப்பதன் அளவைப் பார்க்கும், உடனே பாதுகாப்பு தேடி உங்களிடமே ஓடி வரும். விருந்தாளியையும் அழைத்துக்கொண்டு.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற பழமொழி லீஷை அவிழ்த்தவருக்குத்தான் முழுசாகப் புரியும். சுற்றிலும் கல், நாய் மட்டும் இல்லை. அப்படி ஆகிவிட்டால் பாதையை விட்டுக் காட்டுக்குள் ஓடித் தேடாதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நின்று கூப்பிடுங்கள். பல நாய்கள் தம் வாசனைத் தடத்தைப் பிடித்து அங்கேயே திரும்பும். கிளம்பியே ஆகவேண்டும் என்றால் வனக்காவலரிடம் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் நீங்கள் உடுத்திய சட்டையை அங்கே விட்டுவிட்டுப் போய் மறுபடி வந்து பாருங்கள். கழுத்து வில்லையிலும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் இப்போது பயன்படுத்தும் தொலைபேசி எண் இருக்க வேண்டும், பழையது அல்ல.

தண்ணீர்க் கணக்கு எளிது. சும்மா இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வேண்டும். 20 கிலோ நாய் என்றால் 1 லிட்டருக்கு மேல். நடக்கிற நாளில் அதற்கென்று தனியாக 2 லிட்டர் சுமந்து, அரை மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சுமந்து வந்த சுத்தமான நீரை மடிப்புக் கிண்ணத்தில் ஊற்றி வைத்ததும் அது முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பச்சைக் குட்டையைத் தேர்ந்தெடுக்கும். விடாதீர்கள். தேங்கிய நீரில் வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா ஒட்டுண்ணி இருக்கலாம், காட்டு விலங்குகளின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் கிருமி கலந்திருக்கலாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் உயிரையே எடுக்கும். எலிக்காய்ச்சலுக்கு நாய்த் தடுப்பூசி உண்டு. முதல் முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை என்பதால் கிளம்பும் நாளன்று போட்டுப் பயனில்லை.

வெப்பம் விளையாட்டல்ல. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான், அதுவும் சொற்பம். மற்றதை நாக்கும் மூச்சும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் ஆபத்து. நாக்கு அகன்று தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் சிகரத்தை மறந்துவிடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு நேரே கால்நடை மருத்துவர். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி புரளல். எங்கோ ஏதோ செத்து நாளாகியிருக்கும், நாய்க்கு அதன் மேல் புரண்டே ஆக வேண்டும். முதலில் நடை நிற்கும், அடுத்து ஒரு தோள் மட்டும் தாழும். தாழ்ந்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது அரை விநாடி. தோள் தாழும் முன்பே லீஷைச் சுருக்குகிறவர்தான் அனுபவசாலி. மற்றவர்கள் காருக்குள் பழைய போர்வை விரித்து, எல்லா ஜன்னலையும் திறந்து வீடு திரும்புவார்கள். குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் நாய்க்கு எதன் மேல் ஆசை என்று முன்னோர்கள் சொல்லி வைத்ததை இங்கே முழுசாக எழுத வேண்டியதில்லை.

அமெரிக்கக் கண்டங்களில் இதற்கும் மேல் ஒரு படி உண்டு: மிரண்டால் நாற்ற நீரைப் பீச்சும் சிறு விலங்கான ஸ்கங்க். அதன் பீச்சல் கந்தகச் சேர்மம், வெறும் ஷாம்பு அசைக்காது. பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் கைகொடுக்கிறது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 1 லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப் 1 தேக்கரண்டி. நுரைக்கும்போதே தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள், கண்ணில் படக்கூடாது. மீதியைப் பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். நாயின் நிறம் கொஞ்சம் வெளுத்தாலும் வெளுக்கும்.

மலத்தைப் பற்றி. பையில் அழகாக அள்ளி, முடிச்சுப் போட்டு, "திரும்பும்போது எடுத்துக்கலாம்" என்று கிளையில் தொங்கவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. திரும்பும் வழி எப்போதும் வேறு வழியாகிவிடும். அள்ளாமலே விட்டிருந்தால் மட்கவாவது செய்யும் என்பது வேறு விஷயம், ஆனால் அதுவும் காட்டுக்கு உரமல்ல. பெல்ஜியத்தில் கென்ட் அருகே உள்ள இயற்கைக் காப்பிடங்களில் செய்த ஆய்வு 2022இல் வெளியானது: நாய்களின் சிறுநீரும் மலமும் சேர்ந்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்க்கின்றன. சத்தில்லாத மண்ணையே நம்பி வாழும் செடிகளை அது ஓரங்கட்டும். இறுக மூடும் திருகு டப்பா ஒன்று எடுத்துப் போங்கள். நாய்க்கு முதுகுப்பை இருந்தால் சரக்கை உரியவரே சுமக்கட்டும்; பழக்கமில்லாத நாய்க்கு மொத்தச் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வளரும் குட்டிக்குச் சுமையே கூடாது.

நீங்கள் கொறிக்கும் பொட்டலத்தில் உலர்திராட்சை இருந்தால் கீழே சிந்தாமல் பாருங்கள், நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முள்ளம்பன்றி முள் ஏறிவிட்டால் வெட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். மயக்கம் கொடுத்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நாயைத் தூக்கிக்கொண்டு போங்கள். தூக்க முடியுமா என்று கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

அட்டைக்கு உப்பும் உண்ணிக்குத் தீக்குச்சியும் மண்ணெண்ணெயும் வேண்டாம். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். அட்டையின் மெல்லிய முனைக்கு அடியில் நகத்தை நுழைத்து முதலில் அதை நகர்த்துங்கள், பிறகு தடித்த முனையை. ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பதற வேண்டாம். சில நாள் கழித்து ஒரு நாசியில் மட்டும் ரத்தம் கசிந்து தும்மினால் உள்ளே ஒன்று குடியிருக்கலாம். உண்ணியைக் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், விரலிடுக்கில், வாலுக்கு அடியில் என்று தேடி முடித்ததும் உங்கள் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். துணிகளைத் துவைத்தால் மட்டும் போதாது, உண்ணி குளித்துவிட்டு வெளியே வரும். துவைக்கும் முன் உலர்த்தி இயந்திரத்தில் உச்ச சூட்டில் பத்து நிமிடம் சுற்றவிடுங்கள். காரில் விரித்த போர்வையும் அதே கணக்கில் சேர்த்தி.